ஆறவைத்த தட்டு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆமாம், நானேதான். கீழ்வீட்டுத் தையற்காரம்மா எழுதவில்லை. இந்த நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆகிவிட்டது. கை வலிக்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுதுவதால் கன்னம்தான் வலிக்கிறது.

போன கடிதத்தில் என் இடுப்பு வலியை விசாரித்திருந்தாய். எனக்கு இடுப்பு வலியே கிடையாது. அது தையற்காரம்மாவின் இடுப்பு. இத்தனை வருடமாக என் பெயரில் தன் சொந்தக் கதையையும் சேர்த்து எழுதியிருக்கிறாள். கேட்டால், "ரெண்டு வரியில முடிச்சா உங்க பொண்ணு வருத்தப்படாதா பெரியவரே" என்கிறாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நீ வருகிறாய் என்பதை நானே படித்தேன். நான் இன்னும் பார்க்காத பேத்தியும் வருகிறாள், அவளை வீட்டில் சுண்டெலி என்று கூப்பிடுகிறீர்கள் என்பதையும் நானே படித்தேன். வாயை மூடிக்கொண்டு படிக்க இன்னும் வரவில்லை. உரக்கச் சொன்னால்தான் எழுத்து பிடிபடுகிறது. அதனால் பாடமோ உன் கடிதமோ, எல்லாவற்றையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து சத்தமாகவே படிக்கிறேன். நூலகத்தில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்குப் பிற்பகலில் எழுத்து சொல்லித்தரும் டீச்சர், "தாத்தா, உங்க குரல் தெருமுனை வரைக்கும் கேக்குது" என்று சிரிக்கிறாள்.

சுண்டெலிக்குப் பிடிக்கும் என்று ஃபட்ஜ் என்கிற சாக்லேட் இனிப்பின் செய்முறையை எழுதி அனுப்பியிருந்தாயே, அதையும் படித்துவிட்டேன். ஒரு டின் பால், இரண்டு கட்டி சாக்லேட், கொஞ்சம் வெண்ணெய். சின்னத் தீயில் உருக்கி, கைவிடாமல் கிண்டி, தாள் விரித்த தட்டில் ஊற்றி ஆறவைக்க வேண்டும். 'குழந்தைகூடச் செய்யும்' என்று வேறு எழுதியிருந்தாய். முதல் முறை அடிப்பிடித்தது. இரண்டாம் முறை தட்டில் ஊற்றியதும் புதுச் சிலேட்டு மாதிரி பளபளவென்று நின்றது. சலவைக்கூடத்துப் பாய்லரில் முப்பது வருடம் துணி கிண்டிய கைக்கு இது ஒரு வேலையா?

இப்போது முக்கியமான சேதி. பயப்படாதே.

தட்டை மேசையில் ஆறவைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தால் அதன் மேல் விரலால் ஓர் எழுத்து எழுதியிருந்தது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மறுநாளும் ஒரு தட்டு வைத்தேன். ஒரு சொல் இருந்தது. நேற்று நான் காலையில் படித்த பாடத்திலிருந்து ஒரு முழு வரி: கதவு திறந்திருக்கிறது. என் எழுத்தைப் போலவே கோணல்மாணலாக!

யாராக இருக்கும் என்று நினைக்கிறாய்? சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தோய்க்கும்போதெல்லாம், "சாகறதுக்குள்ள என் பேரை நானே எழுதணும்"னு உன் அம்மா சொல்வாளே. நான் படிக்கப் படிக்க அவளும் கூடவே படிக்கிறாள், மகளே. உன் மகளைப் பார்க்காமல் போனவள் அல்லவா? கடைக்குப் போய் இன்னும் ஆறு டின் பால் வாங்கி வந்துவிட்டேன். சீக்கிரம் வா.

அப்பா


அன்பு மகளுக்கு,

நீ பயந்துபோய் எழுதிய கடிதம் வந்தது. உன் பேச்சைத் தட்டாமல் டாக்டரிடமும் போனேன். தலை நன்றாக இருக்கிறதாம், பல்லைத்தான் இனிப்பு தின்றே கெடுத்துக்கொண்டேனாம். எழுதியதைப் படித்த பிறகு தட்டு முழுவதையும் நான்தானே தின்ன வேண்டியிருக்கிறது!

தையற்காரம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். ஒரு துண்டு இனிப்பை விட்டுவைக்காதவள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதத் தின்னாதீங்க பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். அப்புறம் மாடிப் பக்கமே வரவில்லை. பொறாமையாக இருக்கும்.

உன் அம்மா என்னை முந்திவிட்டாள். நான் உரக்கப் படித்த பாடங்களில் இன்னும் ஒரு கேள்விகூட வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை தட்டில், 'எப்போது வருவாள்' என்று இருந்தது. 'இருபத்துமூன்றாம் தேதி, சாயங்காலம்' என்று உரக்கச் சொன்னேன். மறுநாள் தட்டு நிறைய சுண்டெலி, சுண்டெலி, சுண்டெலி. விளிம்பு வரைக்கும் இடம் விடவில்லை. பேத்தி மேல் எவ்வளவு ஆசை பார்! துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டிலும் குழந்தையின் பெயர் இருக்கும்.

வரும்போது அவளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவா. அடுப்பு எரியும்போதுகூடச் சமையலறை குளிர்கிறது.

அப்பா


மகளே,

இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். வீட்டில் எழுதவில்லை. எழுதும்போது உதட்டைக்கூட அசைக்கவில்லை.

நீ வராதே. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. குழந்தையை இந்த வீட்டுப் பக்கமே கொண்டுவராதே.

காரணம் சொல்லாமல் விட்டால் நீ கிளம்பி வந்துவிடுவாய். அதனால் சொல்கிறேன். உன் அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு கிடையாது. இஸ்திரி இயந்திரம் கொண்டுபோனது. அந்த மொட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான் நீ சின்ன வயதில் தூங்குவாய். அவள் எதைத் தொட்டாலும் அகலமாக, குட்டையாகத்தான் தடம் விழும். எழுத்தைப் படிக்கிற சந்தோஷத்தில் நான் தடத்தைப் பார்க்கவே இல்லை. நேற்று ஒரு கோட்டில் என் விரலை வைத்துப் பார்த்தேன். அது என்னுடையதைவிட ஒல்லியான விரல். ஒவ்வொரு எழுத்தின் முடிவிலும் நகம் கீறியிருந்தது.

புதுத் தட்டு ஊற்றி வைத்து, 'நீ யார்' என்று உரக்கக் கேட்டேன். கேட்டுவிட்டு வகுப்புக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். உள்ளே சின்னச் சத்தம்கூட இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தேன். என் கேள்விக்குப் பதில் இல்லை. 'குழந்தையை மட்டும் உள்ளே அனுப்பு' என்று எழுதியிருந்தது. இப்போது கோணல் இல்லை. டீச்சரின் எழுத்தைவிட அழகாக இருந்தது.

அதற்குப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தது நான்தான். நான் படித்ததையெல்லாம் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நல்லவேளை, உறையில் உன் விலாசம் மட்டும் நீ இருக்கும் நாட்டு எழுத்தில் இருக்கிறது. அதை நான் படித்ததே இல்லை. படிக்கத் தெரியாததற்காக முதல் முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இன்று காலை ஒரு தட்டும் ஊற்றாமல் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அலமாரியிலிருந்த உன் கடிதங்கள் அத்தனையும் மேசைமேல் பிரித்து, வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. விலாசம் எழுதிய உறைகள் மட்டும் தனியாக இருந்தன. அவற்றை இங்கே தபால் அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தின் மேல் விலாசம் எழுதியது அவர்தான்.

'நீங்கள் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள் அப்பா' என்பாய். எனக்கு ஆசை இல்லையா? ஆனால் நான் வந்தால் என் பின்னால் எது வரும் என்று எனக்குத் தெரியவில்லை. தட்டு மேசையில் இருக்கிறவரை அது மேசையைவிட்டு நகர்வதில்லை. அதனால் மறுபடி ஒரு தட்டு கிண்டி வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன், இனி தினமும் கிண்டுவேன். கிண்டிக்கொண்டே அதற்குப் பொய்யும் சொன்னேன். மகள் வேறொரு ஊருக்குப் போய்விட்டாள், குழந்தை வளர்ந்து பெரியவளாகிவிட்டாள், இனி யாரும் வரமாட்டார்கள் என்றேன். நன்றாகவே பொய் சொல்ல வருகிறது. தையற்காரம்மாவிடம் கற்றதாக இருக்கும்.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. தபால் நிலையத்துக்கு எழுது. நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். அதில் குழந்தையின் பெயர் வேண்டாம். வளர்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள் என்று மட்டும் எழுது. அது போதும். அதை நூறு முறை வாய்க்குள்ளேயே படிப்பேன்.

தாத்தா வீட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டு அவள் அழுவாள். தாத்தாவுக்குப் பக்குவமே வரவில்லை, செய்ததெல்லாம் தீய்ந்துபோய்விட்டது என்று சொல்லிவிடு. கடையில் நல்ல இனிப்பாக வாங்கிக் கொடு. நீயும் ஒன்று எடுத்துக்கொள்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். சின்ன வயதிலிருந்தே நீ பிடிவாதக்காரி, போகாதே என்றால்தான் போவாய். இந்த ஒரு முறை மட்டும் அப்பா சொல்வதைக் கேள், கண்ணு. வராதே.

உன்
அப்பா