பெரிய வெள்ளியில் டிரம்ஸ் அடித்த உன் மகளுக்கு நான் செய்தது

என் உயிரில் பாதியான திரேசம்மா அக்காவுக்கு,

நாளை மறுநாள் நீ செத்த முதலாம் ஆண்டுப் பூசை. அதற்கு முதல் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். உன் மகள் ஜெசிந்தாவின் வலது கையை நான் அடித்து முறித்துவிட்டேன். கோயிலுக்குள் வைத்து, பெரிய வெள்ளிக்கிழமை, ஊரே பார்த்திருக்க. நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற கடிதம் இது. ஊரும் வாசிக்கட்டும் என்று கோயில் வாசல் பலகையில் ஒட்டப்போகிறேன்.

உனக்குத் தெரியாததா? பெரிய வியாழன் பூசையோடு எங்கள் கோயிலில் மணி அடிப்பதில்லை. ஆர்மோனியத்தையும் மூடிவிடுவார்கள். மணிக்குப் பதிலாகக் கைப்பிடி போட்ட பாலைமரக் கட்டையைத்தான் தட்டுவோம். வெள்ளியன்று ஆண்டவரின் மரச் சொரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி வெள்ளைத் துணியில் கிடத்தியதும், நீ தலைமாட்டில் இருந்து ஒப்பாரி தொடங்குவாய். நீ பாட, நான் கட்டையைத் தட்ட, இருபது வருஷம் போனது. இந்த முறை நீ இல்லை. மண் ஏற்றிவந்த டிப்பர் உன்னை அடித்துப் போட்டு அப்போது ஐந்து மாதம். கட்டை மட்டும் என் கையில் இருந்தது.

ஜெசிந்தாவும் கூட்டாளிகளும் டிரம்ஸ், கிற்றார், கீபோர்ட் என்று கோயிலுக்குள் கொண்டுவந்தது நீ இருக்கும்போதே தொடங்கியதுதான். ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கப் போகிறவர்கள் காலால் தாளம் போட்டுக்கொண்டு போவதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலியாண வீட்டில் பைலா ஆடுகிற நடை அது. பாதரிடம் முறையிட்டேன். இளம் பிள்ளைகள் கோயிலுக்கு வருவது உனக்குப் பிடிக்கவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். திரும்பி வந்துவிட்டேன். ஆனால் பெரிய வெள்ளியையாவது விட்டுவைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அண்டைக்கு, பெரிய வெள்ளியன்று, கோயிலுக்குள் நுழைந்தால் சொரூபத்துக்குப் பக்கத்திலேயே டிரம்ஸ். களுதாவளையிலிருந்து வாடகைக்கு வந்த ஸ்பீக்கர் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அவள் பாதரிடம் அனுமதி வாங்கியிருந்தாளாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆண்டவரைக் கிடத்தியதும் பெரிய டிரம்ஸில் ஒரு அடி போட்டாள். என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நிப்பாட்டு புள்ள, செத்த வீட்டில கூத்தா என்று கோயில் மூப்பர் கத்தினார். அவள் கேட்கவில்லை. இன்னொரு அடி.

நான் கட்டையோடு எழும்பி நடந்தேன். என் முதல் அடி டிரம்ஸில் விழுந்து தோல் கிழிந்தது. அவள் குச்சியை விடவில்லை. அடுத்த அடியை அவள் கையில் போட்டேன். எலும்பு போன சத்தம் எனக்குக் கேட்டது அக்கா. பச்சை முருங்கைக் கொப்பு ஒடிகிற சத்தம்.

அதுக்குப் பிறகு கோயில் கோயிலாக இல்லை. கிற்றார்க்காரப் பொடியன் என்னைப் பிடித்துத் தள்ள, மூப்பரின் மருமகன் கதிரையைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தான். பல் தெறித்தது. கிற்றாரைத் தூணில் அடித்து உடைத்தார்கள். அறுந்த கம்பி ஒருத்தனின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஆண்டவர் கிடந்த வெள்ளைத் துணியில் இரத்தம். கோபம் அடங்காத நாலைந்து பேர் ஸ்பீக்கரை வாவிக்கரைக்கு இழுத்துப்போய்த் தண்ணீருக்குள் உருட்டிவிட்டார்கள். ஸ்பீக்கர்க்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்கட சாமிக்குப் பாட்டுப் பிடிக்கல்ல எண்டா என்ட ஸ்பீக்கர் என்னடா செஞ்ச?"



ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுவிட்டுப் படுத்திருந்த ஜெசிந்தா என்னைக் கண்டு முகத்தைத் திருப்பவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"பாட்டக் கேட்டுட்டு அடிச்சிரிக்கலாமே சின்னம்மா," என்றாள்.

என்ன பாட்டு என்று கேட்டேன். உன்னுடைய ஒப்பாரியாம். ஒரு சொல்லும் மாற்றவில்லையாம். ஆண்டவருக்கு ஆணி அடிக்கிற இடத்துக்குத்தான் அந்த அடிகளாம். பாட்டுத் தொடங்க முதலே நான் கட்டையோடு போய்விட்டேன்.

"அம்மாவ டிப்பர் அடிக்கக்குள்ள சைக்கிள்ல பின்னுக்கு நான்தானே இருந்த. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்கு. உங்கட கட்டைக்கு அது போகல்ல. டிரம்ஸ் அடிக்கக்குள்ளதான் போகுது. அத நான் சாமிட்டக் கொண்டுபோகாம ஆருட்டக் கொண்டுபோற?"

 நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

வீடு வந்த பிறகுதான் நீ முதல்முதல் கோயிலில் ஒப்பாரி எடுத்த நாள் நினைவு வந்தது. அப்போதிருந்த மூப்பர் உன்னை வழிமறித்தார். செத்த வீட்டுப் பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுவராதே, இது சுத்தமான இடம் என்றார். நீ கிறுகித் திரும்பி நின்று கேட்டாய்: "உள்ளுக்கும் ஒருத்தர் செத்துத்தானே கிடக்கிறார், மூப்பர்?" அவர் வழிவிட்டார். எனக்கு அன்று எவ்வளவு பெருமை. உன் பாட்டும் ஒரு காலம் புதுசாகத்தான் இருந்தது. உன்னை வாயால் மறித்தார்கள். உன் மகளை நான் கட்டையால் மறித்தேன்.

பொய் சொல்ல மாட்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எனக்கு இன்னும் பிடிக்காது. சில பாட்டில் ஆண்டவரின் பெயரை எடுத்துவிட்டு ஒரு பெட்டையின் பெயரைப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. கும்பிடுகிறவனுக்கு வாய்பொத்தி இருக்கவும் ஒரு நேரம் வேண்டும். இதை நான் பாதரிடம் இனியும் சொல்லுவேன். ஆனால் எந்தச் சத்தம் ஆண்டவருக்கு ஆகும், எது ஆகாது என்று ஒரு பிள்ளையின் எலும்பில் தட்டியா பார்ப்பது? அண்டைக்குக் கோயிலில் எழும்பிய சத்தங்களில் ஆண்டவர் காதைப் பொத்தியது எதற்கு? டிரம்ஸுக்கா, என் கட்டைக்கா?

அவள் கை பொருந்திவிட்டது. இரண்டு விரல் மட்டும் மடங்குவதில்லை. குச்சியைத் துணியால் கையோடு சுற்றிக் கட்டிக்கொண்டு பழகுகிறாளாம். ஏழு மாதம் என் வளவுக்குள் கால் வைக்கவில்லை. போன கிழமை நான் இறால் உரித்துக்கொண்டிருக்க, வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஆண்டுப் பூசையில அம்மாட பாட்டுப் பாடப்போறன். டிரம்ஸோட. பாதர் ஓம் எண்டுட்டார். மூப்பர்ர ஆக்கள் மத்தக் கையையும் முறிக்கிற எண்டு சொல்லித் திரியிறாங்க. நீங்க எந்தப் பக்கம் சின்னம்மா?"

இறாலின் முள் என் பெருவிரலில் ஏறியது. நான் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன். வாசலில் நின்று வாசிக்கிற மூப்பரின் ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.

அக்கா, உனக்கு வாக்குத் தருகிறேன். நாளை மறுநாள் நான் ஜெசிந்தாவுக்கு முன்னால் நிற்பேன். அவள் மேல் விழ வருகிற அடி முதலில் என் மேல் விழட்டும். நான் திருப்பி அடிக்க மாட்டேன். அடிக்க என் கைக்கு நேரம் இருக்காது. அவளுடைய பாட்டுக்கு இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டிருப்பேன். தாளம் பிழைத்தால் அவள் என்னைத் திட்டட்டும். அவள் வாயால் ஒரு திட்டு வாங்கி எத்தனை மாதம்.

ஜெசிந்தாவுக்குச் சின்னம்மாவாக இருக்க இன்னமும் ஆசைப்படும்
உன் தங்கச்சி பிலோமினா