ஒரு நாள் இரவல்

8 ஜூலை 1991, திங்கள்

விரிவுரையாளர் ஆகி ஒரு வாரம். மருந்துத் தொழிற்சாலையின் மாத்திரைப் பிரிவில் எட்டு வருடம் நின்றவனுக்கு இப்போது உட்கார நாற்காலி உண்டு. மூன்று ஆசிரியர்கள் முறைவைத்து உட்காருகிறோம். கல்லூரி மண்ணூருக்கு வெளியே, போன வருடம்வரை நெல் குடோனாக இருந்த கட்டடத்தில். கரஸ்பாண்டென்ட் தாண்டவராயன் அரிசி மில்காரர். "மில்லுல தவிடு தனியா, அரிசி தனியா வரும் சார். இங்க எல்லாம் சேந்து வருது" என்றார், மாணவர்களைப் பார்த்து. கல்வியைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

பார்மசி டிப்ளமோ, முதல் வருடம், நாற்பது பேர். ஆய்வுக் குழு வந்து அங்கீகாரம் கொடுத்தால்தான் இவர்கள் பரீட்சை எழுத முடியும். கொடுக்காவிட்டால் குடோனில் ஒரு வருடம் இருப்பு வைக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

17 ஜூலை

செய்முறை வகுப்பு. இருப்பது ஒரு தராசு. அது எடையைச் சொல்வதில்லை, அபிப்பிராயம் சொல்கிறது. ஷாரோன் என்ற பெண் ஒழுங்காக நிறுத்துவிட்டு, புத்தகத்தில் இருந்த எடையை ரெக்கார்டில் எழுதியிருந்தாள். அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்தேன். "கண்ணால பாத்ததை எழுதும்மா. பாக்காததை எழுதாதே, வாயாலயும் சொல்லாதே. மருந்து வேலையில அது கொலை." நாலைந்து பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

இவள் அம்மா லூர்தம்மாள் என் பழைய தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருக்கிறாள். மகளை ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் வெள்ளைக் கோட்டோடு பார்க்க வேண்டுமாம்.

20 ஆகஸ்ட்

நாளை ஆய்வு. மாத்திரை போடும் மெஷின் இருந்தாக வேண்டும், இல்லை. தாண்டவராயன் என் பழைய தொழிற்சாலையின் ஸ்டோர் இன்சார்ஜ் பரசுராமனிடம் பேசி, ஓரங்கட்டிய பழைய மெஷின் ஒன்றை லாரியில் இறக்கிவிட்டார். "ஒரு நாள் இரவல் சார். கல்யாணத்துக்குப் பக்கத்து வூட்டு நகை வாங்கிப் போடறதில்லையா?"

எட்டு வருடம் நான் ஓட்டிய அதே மெஷின். ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தேன், பின்னாலேயே வந்துவிட்டது.

21 ஆகஸ்ட்

குழுத் தலைவர் மெதுவாகப் பேசும் மனிதர். மெஷினைத் தடவிப் பார்த்தார். முன்னால் நின்ற ஷாரோனிடம் கேட்டார்: "இது எப்பம்மா வந்தது?"

"நேத்து சாயங்காலம் சார். நாளைக்குப் போயிடுமாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சரியான விடை சொன்னவள் ஆசிரியரைப் பார்க்கிற பார்வை.

23 ஆகஸ்ட்

அங்கீகாரம் இல்லை. அக்டோபரில் மறு ஆய்வு. அதிலும் தவறினால் கல்லூரியை மூட வேண்டும். நாற்பது பேரின் வருடமும் போகும்.

தாண்டவராயன் கத்தவில்லை. "இன்னா சார், நீங்க நடத்துனதுல ஒரே ஒரு பாடம்தான் புள்ளைங்க மண்டையில ஏறிக்கீது. அதுவும் நம்ம தலையில வந்து இறங்கிட்ச்சு."

25 ஆகஸ்ட், ஞாயிறு

லூர்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "எம் பொண்ணு பொய் சொல்லலியே சார். அப்புறம் இன்னாத்துக்குக் காலேஜை மூடறேன்றாங்க? கூடப் படிக்கிறதுங்க ஒண்ணும் அதாண்ட பேசறதில்ல. உன்னாலதான்டின்றாங்களாம். சோறு துண்ணாம படுத்துக்கினு கீது."

"பாக்கலாம்" என்றேன். அவள் போனபின் என் மனைவி மஞ்சுளா கேட்டாள்: "என்னத்தைப் பாக்கப் போறீங்க?"

2 செப்டம்பர்

பழைய வேலை கிடைக்குமா என்று பரசுராமனிடம் போனேன். "உன் எடத்துல ஆள் போட்டாச்சுப்பா. மெஷின் வேணும்னா கேளு, தரேன்."

14 செப்டம்பர்

ஏன் வாத்தியார் வேலைக்கு வந்தேன்? யார் அழைத்தார்கள்?

19 அக்டோபர், சனி

மறு ஆய்வுக்கு ஒத்திகை நடத்தினேன். அந்த இரவல் மெஷினையே விலைக்கு வாங்கிவிட்டதாகக் கதை. தாண்டவராயனின் உத்தரவு, என் குரல்.

"மெஷின் யாருது?"

"காலேஜோடது சார்! செப்டம்பர்ல வாங்கினது சார்!" நாற்பது பேரும் ஒரே குரல். இல்லை, முப்பத்தொன்பது. ஷாரோனின் வாய் அசையவில்லை. பக்கத்தில் போனேன். "எல்லாருக்காகவும் சொல்லும்மா."

"நீங்கதானே சார் அன்னிக்கு —"

"ஆமா. நான்தான்."

சொன்னாள். நன்றாகவே சொன்னாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினேன் — நாடகம்தான். பார்க்கக்கூட யாருமில்லை.

23 அக்டோபர்

மெஷின் மறுபடி வந்திறங்கியது. போன வாரம் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. அதனால் உடம்பெல்லாம் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் வாடிய சாமந்தி மாலை. துடைக்கச் சொன்னேன். தாண்டவராயன் தடுத்தார். "இருக்கட்டும் சார். இப்பத்தான் நம்ம வூட்டு மெஷின் மாதிரி கீது."

24 அக்டோபர்

அதே தலைவர். யாரையும் கேட்கவில்லை, நேராக ஷாரோனிடம் வந்தார். "நீதானே போன தடவை உண்மையைச் சொன்ன பொண்ணு? நீ சொல்லு, நான் நம்பறேன். மெஷின் யாருது?"

"காலேஜோடது சார். செப்டம்பர்ல வாங்கினது."

அவர் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். "பூஜை யாரு போட்டீங்க?"

இது ஒத்திகையில் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் சார் குங்குமம் வெச்சேன்" என்றாள் ஷாரோன். "பொரிகடலை வெச்சுக் கும்பிட்டோம். சார்தான் தேங்காய் ஒடைச்சாரு."

தலைவர் முகம் மலர்ந்தது. "தொழில் மேல பக்தி வேணும்" என்றார்.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் நெற்றியில் ஒரு பொட்டைக்கூட நான் பார்த்ததில்லை.

குழு போனதும் வந்தாள். "சரியாச் சொன்னேனா சார்?" கிண்டல் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல். கிண்டலாக இருந்திருந்தால் தேவலை.

"சரி" என்றேன்.

8 நவம்பர்

அங்கீகாரம் வந்துவிட்டது. தாண்டவராயன் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார், என்னை நிரந்தரமாக்கினார். ஷாரோனோடு இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அவள்தான் அதிகம் பேசுவதில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

21 நவம்பர், வியாழன்

மாலை தாண்டவராயன் கூப்பிட்டார். "ஒரகடம் பக்கம் புதுசா ஒரு காலேஜ் சார், நம்ம மச்சானோடது. கட்டடம் கீது, மெஷின்கூட சொந்தமா கீது. வாத்தியார்தான் இல்ல. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். நீங்க போயி உக்காந்துட்டு வாங்க. சாயங்காலமே திருப்பி அனுப்பிடுவாங்க."

"எப்பலேருந்து வேலை பாக்கறேன்னு கேட்டா?"

"ஜூன் மாசத்துலேருந்துன்னு சொல்லுங்க. இன்னா சார், உங்களுக்குப் போயி நான் சொல்லித் தரணுமா?"

காலை ஏழு மணிக்கு வேன் வருமாம். மஞ்சுளா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே எந்தப் பாடம் நடத்துகிறேன் என்று கேட்க மறந்துவிட்டேன்.