அறிவிப்பை வாசிக்க ஒரு தலைவி

மில்வாக்கி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, தோழியே.

எங்கள் தெரு கிளினிக்கை மூடுவதென்று உன் ஏரிக்கரை வீட்டில், வறுத்த மீனைத் தின்றபடி, கிளினிக் நிர்வாகக் குழுவின் வெள்ளையர்கள் ஐந்து பேரும் முடிவெடுத்துவிட்டீர்கள். அந்தக் குழுவின் தலைவி நான். எனக்கு அழைப்பே இல்லை.

நேற்று போனில் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்! "ஞாயித்துக்கிழமை உங்க சர்ச்சுல நீயே சொல்லிடுடி. நீ சொன்னா உங்க ஜனங்க கேப்பாங்க."

இதற்குத்தானா கறுப்பினத் தலைவி என்று என் படத்தை கிளினிக் வாசலில் மாட்டினாய்? அங்கே சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒடெஸா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "நம்ம பொண்ணு இருக்கா, இனிமே மூட மாட்டானுங்க" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

சரி, சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, அந்த மீன் வறுவல் உட்பட எல்லாவற்றையும் சொல்கிறேன். ஒடெஸா அக்காவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் பிடித்து வைப்பேன். அவள் கேட்பாள், நீ பதில் சொல்.

இன்னும் ராஜினாமா செய்யாத
தலைவி