கிணற்றடியோடு விடச் சொன்னது

சண்டிலிப்பாய்
ஆனி 2

அன்பு மகள் நிரோஜினிக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க அம்மாளாச்சி துணை. இங்கே நாங்களும் சுகம் என்றுதான் இத்தனை மாதமும் போனில் சொன்னேன், அது பொய் பிள்ளை. போனில் கதைத்தால் தம்பிக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி கோகுலன் அம்புலன்ஸ் வேலைக்குப் போன நாளிலிருந்து, செத்தவர்களைத் தூக்கிவிட்டு வந்தால் கிணற்றடியில் தலைக்கு வார்த்த பிறகுதான் அவனை உள்ளே விடுவேன், உனக்குத் தெரியும்தானே. மாசியில் றோட்டில் ஒரு வான் விபத்து. அன்றைக்கு வந்தவன் வாளியைப் பிடித்தபடி, "அம்மா, ஒரு சின்னப் பிள்ளை" என்று தொடங்கினான். நான் பாவி, "உதெல்லாத்தையும் கிணத்தடியோடை விட்டிட்டு வா, வீட்டுக்குள்ளை கொண்டு வராதை" என்று வாயை அடைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் கிணற்றடியை விட்டு வருவதில்லை. வேலை இல்லாத நாளிலும் அள்ளி அள்ளி வார்க்கிறான், கையெல்லாம் வெடித்துப் போயிற்று. முன்வீட்டு உதயகலா கேட்டதற்குத் தோல் வருத்தம் என்றேன். வேலையிடத்து டாக்டர் மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார், அவனுக்குப் பேசிவைத்த அச்சுவேலிச் சம்பந்தம் குழம்பிவிடும், விசர் என்று பேர் விழுந்துவிடும் என்று அதை அரிசித் தகரத்துக்குள் ஒளித்தேன். கூட வேலை செய்கிற பெடியள் சிரிப்பார்கள் என்று அவனும் கேட்கவில்லை. எனக்கு எங்கே போனது புத்தி!

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிடப் போனால், கிணற்றுக் கட்டின்மேல் ஏறி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஓடிப்போய்ப் பிடித்தேன். "எவ்வளவு ஊத்தியும் போகுதில்லையம்மா" என்றான். ஈரத்தோடேயே இழுத்து வந்து சாமியறை வாசலில் இருத்தி, "சொல்லு ராசா, எல்லாத்தையும் இஞ்சை சொல்லு" என்றேன். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதிருக்குமாம். அம்புலன்ஸுக்குள் இவன் விரலைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அம்மா பின்னாலை வாறாவோ?" என்று கேட்டதாம். தாய் வானுக்குள்ளேயே செத்துப் போனாள், அது இவனுக்குத் தெரியும். "ஓம் குஞ்சு, வாறா" என்றானாம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன் பிள்ளையும் போய்விட்டது. இப்போது குளிக்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கிறதாம். நிரோ, எனக்கும் கேட்கத் தொடங்கிவிட்டது.

கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன், அரிசி மா ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன். பஸ்ஸில் ஆர் கேட்டாலும் எந்தக் கிளினிக் என்று வாய் விட்டுச் சொல்லுவேன். சம்பந்தம் போனால் போகட்டும், எனக்குப் பிள்ளை வேண்டும். இனி நீ போன் எடுத்தால் கலியாணக் கதை எடுக்காதே. அவன் ஏதாவது சொல்லத் தொடங்கினால், வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடாதே. சின்னவனுக்கு இருமல் என்றாய், வேர்க்கொம்பு அவித்துக் கொடு.

எல்லோரும் நூறு வயது நோய் நொடியில்லாமல் இருங்கள். ஒன்றை மறந்துவிடாதே. இன்று காலை அவன் என்னிடம், "நான் ஓம் எண்டு சொன்னது பிழையோ அம்மா?" என்று கேட்டான். நான் தேத்தண்ணியை நீட்டினேன். உன்னிடமும் கேட்பான். நீ என்னைப்போல் பேசாமல் இருந்துவிடாதே.

உன் முகம் காணக் காத்திருக்கும்
அம்மா