இரண்டாவது பாய்

அக்கா,

இன்று காலை தம்பியைக் குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைத்தபின் இடுப்புக்குத் தைலம் தேய்த்தேன். மூடியைத் திறந்ததுமே நீங்கள் வந்துவிட்டீர்கள். உங்கள் முந்தானையில் எப்போதும் இந்த வாசனைதான். நாற்பது வயதுத் தம்பியைத் தூக்குகிற எனக்கும், முப்பது வயது மகனைத் தூக்குகிற உங்களுக்கும் ஒரே இடத்தில்தான் வலித்தது.

தச்சநல்லூரில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போனால் தம்பி உங்களிடம் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசைக்குப் போனால் உங்கள் மகன் சேவியர் என்னிடம். மற்ற நாட்களில் நாம் இருவரும் எங்கேயும் போனதில்லை.

ஒருநாள் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நம்மைப் போல வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆன்மிகம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறாளாம். எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை. மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடவுள் உடனிருப்பதாக உணர்கிறீர்களா என்றாள். "எந்நேரத்தக் கேக்கிய? இவனக் குளிப்பாட்டுததுக்கு முந்தியா, பெறவா?" என்றீர்கள். அவளுக்குச் சிரிப்பதா எழுதுவதா என்று தெரியவில்லை. வாராவாரம் வழிபடப் போகிறீர்களா என்றபோது மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல "எப்போதும்" என்றோம்.

உங்களுக்குப் பின் மகனை யார் பார்ப்பார்கள் என்ற கவலையைக் கடவுளிடம் விட்டுவிட்டீர்களா என்றும் கேட்டாள். நீங்கள் சேவியரின் வாயைத் துடைக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

அவள் போனபின் நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். "ஏளா, நான் கடைசி பெஞ்சுல உக்காந்து தூங்கிட்டுல்லா வாரேன். சாமியார் என்ன பேசுதாருன்னே தெரியாது." நானும் நெல்லையப்பர் கோயிலில் தூணில் சாய்ந்து தூங்குவதைச் சொன்னேன். சாமி முன்னால் தூங்குவது பாவமில்லையா என்று கேட்டேன்.

"அவரு எழுப்பலல்லா. பெறவு என்ன?"

மழைக்காலத்தில் ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். அவ்வளவுதான். உங்கள் தங்கை கடற்கரை ஊரிலிருந்து வந்து சேவியரைக் கூட்டிப்போனாள். நல்லவள்தான். நன்றாகச் சாப்பிடுகிறான் என்று போனில் சொல்கிறாள். அவளுக்கும் இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிட்டதாம்.

போன வாரம் அந்தப் பெண் அதே கேள்விகளோடு மறுபடி வந்தாள். இப்போது கோயிலுக்குப் போவதில்லை என்றேன்.

"நம்பிக்கை கொறஞ்சிட்டாக்கா?" என்று பையக் கேட்டாள்.

"அது அங்கனயேதான் இருக்கும்மா. தம்பியப் பாத்துக்கிட ஆளில்ல."

எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள்மேல்தான் கோபம். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே.

இன்று ஞாயிறு. மாதாகோயில் மணி அடித்ததும் தம்பியின் பாய்க்குப் பக்கத்தில் சேவியரின் பாயையும் கை தானாக விரித்துவிட்டது. வாராவாரம் இப்படித்தான். விரித்துவிட்டு, நினைவு வந்ததும் சுருட்டி வைப்பேன். இன்று சுருட்ட உடம்பில் தெம்பில்லை, அக்கா. அதிலேயே படுத்துவிட்டேன்.

கண் விழித்தபோது வெயில் நடுவீட்டுக்கு வந்திருந்தது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. ஒரு நிமிடம் பிந்தினாலும் கத்துகிறவன், இன்று என்னை எழுப்பவில்லை.