கிழக்குக் காற்றும் கோழி எருவும்

பங்குனி 28, வெள்ளி இரவு

வேகவைத்த மஞ்சள் களத்தில் காய்கிறது. நனைந்தால் நிறம் போய்விடும் என்பதால், வானத்தைக் கவனிக்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றும் எங்கே முட்டிக்கொள்கின்றனவோ, அங்கேதான் கோடை இடிமழை. எங்களுக்குக் கிழக்கே கோழிப்பண்ணை. ஈரக் காற்று வந்துவிட்டதை மூக்கே சொல்லிவிடும்.

மதியம் நாற்றம் குப்பென்று அடித்தது. "அப்பா, கெழக்குக் காத்து வந்துருச்சுங்க, மஞ்சளை மூடோணும்!" என்று கத்தினேன். அப்பாவும் அம்மாவும் சோற்றுக் கையோடு ஓடிவந்து குவித்துத் தார்ப்பாயால் மூடினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் சித்தப்பா ஒரு லோடு கோழி எரு இறக்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி பரப்பினோம். நாலரைக்குக் காற்று உண்மையாகவே திரும்பியது; தென்னை ஓலைகள் மேற்கே சாய்ந்தன. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இது எத்தனாவது லோடுன்னு உங்க சித்தப்பனைக் கேட்டுட்டு வா சாமி," என்றார் அப்பா, கட்டிலை விட்டு எழாமல்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டதால் கேட்கவும் போனேன். பாதி வழியில் மோகனூர் பக்கம் இடித்தது. நான் திரும்புவதற்குள் அப்பா நனைந்தபடி தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதி மஞ்சள்தான் தப்பியது.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "நாளைக்கு வருமா கண்ணு?" அப்பா மெல்லுவதை நிறுத்திக் காது கொடுத்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "நாலு மணிக்குங்க" என்றேன்.

எப்படித் தூங்குவது?