மாமாவின் மாத்திரைக் கணக்கு

ஜூன் 4

காலேஜில் கணக்குப் பாடம் நடத்தும் என் மருமகளுக்கு மாமன் எழுதறது.

போன்ல பேசினா நீ அழுவே, நான் தும்மற மாதிரி நடிக்கணும். அதான் கடுதாசி. நீ கோவிச்சுக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போனதிலேர்ந்து இங்க என்னைத் திட்ட ஆளில்ல.

காலேஜ்ல ஏதோ பயிற்சியாமே? கணக்கு டீச்சரும் வேற பாட டீச்சரும் ஜோடி சேர்ந்து ஒரே வகுப்பை நடத்தணுமாம். உனக்கு ஜோடி யாருன்னு என் பிள்ளை சொன்னப்ப எனக்குப் புரையேறிடுச்சு. அதே காலேஜ்ல தவளையை அறுத்துப் பாடம் நடத்தற உன் புருஷனோடயே நீ கணக்குப் போடப் போறியா! சத்தியமா நான் பிரின்சிபாலுக்கு லஞ்சம் கொடுக்கல.

பாடம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரே வண்டியில வீடு வந்து சேருங்க.

இப்படிக்கு,
அஞ்சாங்கிளாசைத் தாண்டாத மாமன்


ஜூன் 15

அன்புள்ள மாமா,

நல்லா இருக்கேன். நீங்க லஞ்சம் கொடுத்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பயிற்சி கொடுக்கற அம்மா ரொம்பக் கறார். ஒருத்தர் பேசும்போது மத்தவர் குறுக்க பேசக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் தன் பங்கைத் தொடங்கணும். நேத்து நான் சொன்னதை அவர் ஒரு வார்த்தை பிசகாம திருப்பிச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவை. தண்ணி குடிக்கற சாக்குல நான் வெளியே போயிட்டேன்.

எங்க பாடமே உங்க பிரஷர் மாத்திரைதான். ரத்தத்துல அது என்ன பண்ணுதுன்னு அவர் சொல்வார். மறுநாள் எவ்வளவு மிச்சமிருக்கும்னு நான் போட்டுக் காட்டுவேன். நீங்க தினமும் போடறீங்கன்னு வெச்சுத்தான் கணக்கு. போடறீங்கதானே?

உங்கள் மருமகள்


ஜூன் 21

என் கண்ணு,

அவன் வீட்லயும் பழகறான். "வெந்நீர் ஆறிப்போச்சுடா"ன்னா, "அப்பா, வெந்நீர் ஆறிப்போச்சுன்னு சொல்றீங்க, சரியா?"ங்கறான். அடேய், திருப்பிச் சொன்னா சூடாகுமா?

உன் ரூமைக் கூட்டி ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன். உன் மேஜைமேல அவன் நிறுத்தி வெச்சிருந்த எலும்புக்கூடு பொம்மையை என் ரூமுக்குத் தூக்கிட்டேன். பக்கத்துல நின்னா அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம்.

மாத்திரையா? நிறுத்திட்டேன். வந்து திட்டு.

மாமன்


ஜூலை 2

அன்புள்ள மாமா,

வகுப்பு ரொம்ப நல்லா நடந்தது. மத்த வாத்தியாருங்க எல்லாம் எழுந்து நின்னு கைதட்டினாங்க.

அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல நாங்க ரெண்டு பேர் மட்டும். குழந்தை தங்காம போன அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் தனியா கிடந்ததை அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்சேன். இதுவரைக்கும் சொன்னதே இல்ல. பாதியிலயே, "பழசை எதுக்குக் கிளறறே"ன்னு வெட்டிட்டார்.

கெட்டவர் இல்ல மாமா. யாராவது ரூல் போட்டா கேக்கறார். வீட்ல ரூல் போட நான் யாரைக் கூட்டிட்டு வருவேன்?

பிரியறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். அவரும் போட்டுட்டார். வெளியூர் காலேஜ்ல வேலை கிடைச்சிருக்கு.

மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். கடுதாசிக்குக் கீழே இனிமே உங்க யாருன்னு எழுதறதுன்னு தெரியல.

நான்


ஜூலை 6

மருமகளே,

அப்படித்தான் கூப்பிடுவேன். கையெழுத்துப் போட்டது நீங்க ரெண்டு பேரும்தானே, நான் போடலியே.

உன் கடுதாசியை அவனுக்குப் படிச்சுக் காட்டினேன். எனக்குத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கணுமே. ஆஸ்பத்திரி வந்த இடத்துல ரொம்ப நேரமாயிடுச்சு. அவன் குறுக்க பேசல. முடிஞ்சப்புறம் திருப்பியும் சொல்லல. எழுந்து போய் உன் ரூம் ஜன்னலைச் சாத்திட்டான்.

திரும்பி வான்னு இனிமே கேக்க மாட்டேன். மாத்திரையை மறுபடி போட ஆரம்பிச்சிட்டேன். அத்தனை வாத்தியாருங்க முன்னாடி நீ போட்ட கணக்கு, என்னால தப்பாயிடக் கூடாது பாரு.

இப்படிக்கு,
உன் மாமன்